‘பனி’ என்றால் காய்ச்சல்: குமரி மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

திருவனந்தபுரத்து மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். அங்கே ‘பனி’ என்றால் காய்ச்சல் என்பது அவர்கள் காதுக்குத் தெரியும். அதே சொல் பலகையில் எழுதியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மருந்துச் சீட்டில் ‘பக்ஷணத்தினு சேஷம்’ என்று இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது மிச்சம் மீதியைப் போலக் கேட்கும். மலையாளம் பேச்சாக நம் வீட்டு முற்றம் வரை வந்துவிட்டது. எழுத்தாக மட்டும் எல்லையில் உள்ள களியக்காவிளையிலேயே நின்றுவிட்டது.

தமிழ்வழி நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளில் விரும்புகிறவர்களுக்கு, மொத்தம் 40 மணி நேரத்தில் முடியும் மலையாள எழுத்து வகுப்பு ஒன்றை நடத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல். தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், பாடவேளை எதையும் வெட்ட வேண்டாம். தமிழ், ஆங்கிலம் என்னும் இருமொழி ஏற்பாடு 1968 முதல் இருப்பது. அது அப்படியே இருக்கட்டும். மும்மொழி விவாதத்துக்குள் இந்த வகுப்பை இழுக்க யாராவது முயன்றால், இது நூலக வகுப்பைப் போன்ற ஒரு விருப்ப வகுப்பு என்று சொன்னால் போதும்.

இந்த மண்ணில் இதைக் கேட்பது எளிதல்ல என்று அறிவோம். தமிழ்நாட்டோடு இணையக் கேட்ட போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பிறகே 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ‘மலையாளமா? நம்ம பள்ளிக்கூடத்திலயா?’ என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் எழுந்து கேட்டால் அவர் கேள்விக்கு மரியாதை கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை சிறுவயதில் பள்ளியில் படித்தது மலையாளம். அவர் தமிழுக்கு என்ன செய்தார் என்பது அந்தப் பெரியவருக்கும் தெரியும்.

இரண்டாம் மொழி படித்தால் மூளை கூர்மையாகும், ஞாபகசக்தி பெருகும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை நாங்கள் எடுக்கவில்லை; ஆய்வாளர்களிடையே அதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வகுப்பறையில் கண்ணெதிரே தெரியும் பயன் வேறு. இன்னொரு மொழியின் எழுத்தைக் கையில் எடுக்கும்போதுதான் பிள்ளை தன் மொழியின் அமைப்பை முதல்முறையாக வெளியே நின்று பார்க்கிறது. அதற்கு மலையாளத்தைவிடத் தோதான மொழி தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்காது.

ககரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கல்’லில் வரும் க ஓர் ஒலி, ‘தங்க’த்தில் வேறொன்று, ‘அக’த்தில் இன்னொன்று. எழுத்து ஒன்றுதான். சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிப்பதால் தமிழுக்கு இரண்டாவது எழுத்து தேவைப்படவில்லை. இந்த ஒழுங்கைப் பிள்ளைகள் நாள்தோறும் வாயால் செய்கிறார்கள். செய்கிறோம் என்று அறியாமலே செய்கிறார்கள். அறியாததன் விலையை ஆங்கில வகுப்பில் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் பன்றிக்கும் ‘பெரிய’ என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பிக்’. மேல்சட்டைக்கும் ஆட்டுக்கும் உள்ள சொற்கள் இரண்டும் ‘கோட்’. பிள்ளை தமிழ்க் காதோடு கேட்டு எழுத்துப்பிழை விடுகிறது; ஆசிரியர் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிக்கிறார். மலையாளத்தில் ‘கல்’லுக்கு ஓர் எழுத்து, ‘குரு’வுக்கு வேறோர் எழுத்து. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியையும் சொல்லிப் பார்த்தால், ஒன்றில் அதிர்வு உடனே தெரியும், மற்றதில் தெரியாது. பத்து நிமிட வேலை. அதன் பிறகு ஆங்கில எழுத்துப்பிழைகளில் ஒரு வகை ஏன் வருகிறது என்று பிள்ளைக்கே புரிகிறது.

குற்றியலுகரம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ‘நாடு’, ‘எட்டு’ என்னும் சொற்களின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறையும் என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் எழுத்தில் அந்தக் குறைவு தெரிவதில்லை. ‘நாடு’வின் டுவும் ‘நடு’வின் டுவும் ஒரே டு. மலையாளம் இந்தக் குறைந்த உகரத்தை எழுத்தில் காட்டும்: மெய்யெழுத்தின் தலையில் ஒரு சிறு பிறை. தொல்காப்பியமும் குற்றியலுகரத்துக்குப் புள்ளி உண்டு என்றுதான் சொல்கிறது. நம் எழுத்து வழக்கில் அது நின்றுவிட்டது. கரும்பலகையில் அந்தப் பிறையைக் காட்டிவிட்டுப் பிறகு குற்றியலுகரம் நடத்திப் பாருங்கள்.

ல, ள, ழ குழப்பத்துக்கும் இது மருந்து. மழ, வாழ, கோழி, ஏழு, எழுத்து, கிழக்கு என்று மலையாளத்தில் ழகரம் பேச்சில் அழுத்தமாக நிற்கிறது. தமிழ்ச் சொல்வதெழுதலில் ‘வாழை’யா ‘வாளை’யா என்று தயங்கும் பிள்ளைக்கு அண்டை மொழி ஒரு சாட்சி. எதிர்ப்பக்கமும் உண்டு: ‘நனை’ என்று நாம் இரண்டு எழுத்தில் காட்டும் ந, ன இரண்டுக்கும் மலையாளத்தில் ஒரே எழுத்துத்தான். அங்கே நம் எழுத்து நுட்பமானது. எந்த மொழியும் எல்லாவற்றிலும் முந்தி நிற்பதில்லை என்று சொற்பொழிவு ஆற்றாமலே இது புரிந்துவிடும்.

இனி வகுப்பைப் பற்றி. மலையாள எழுத்து 51 என்று சொல்வது வழக்கம்: உயிர்ப்பகுதியில் 15, மெய் 36. கேட்டதும் பெற்றோருக்குத் தலை சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு இல்லை. நம் 12 உயிருக்கு அங்கே 12 உண்டு. நம் 18 மெய்க்கு அங்கே 17 உண்டு, ந, ன ஒன்றாகிவிடுவதால். ஆக 29 எழுத்துக்கு ஒலி பிள்ளைக்கு முன்பே தெரியும். வடிவம் மட்டுமே புதிது. அதிலும் உ, ண, த, ப, ய, வ போன்றவற்றின் வடிவம் தமிழோடு ஒட்டிப்போகும். மீதி 22-இல் ஜ, ஶ, ஷ, ஸ, ஹ ஐந்தும் கிரந்தம் வழியாகப் பழக்கமானவை. அதிரும் ஒலிகளில் ஜகரம் போக நான்கு. மூச்சைத் தள்ளிச் சொல்லும் எழுத்து பத்து. உயிர்ப்பகுதியில் மூன்று. உண்மையில் பிள்ளையைத் திணறடிப்பது அந்தப் பத்துதான், அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வாரம் 3 நாள், ஒரு நாளுக்கு 40 நிமிடம், 20 வாரம். ஆக 60 அமர்வு, 40 மணி நேரம். முதல் 2 வாரம் எழுத்தே கிடையாது: 40 சொல், 10 வாக்கியம், எல்லாம் காதாலும் வாயாலும். 3 முதல் 8-ஆம் வாரம் வரை தெரிந்த ஒலியுள்ள 29 எழுத்தும் உயிர்மெய்க் குறிகளும். எகர, ஒகரக் குறிகள் தமிழைப் போலவே மெய்க்கு முன்னாலும் இருபுறமும் நிற்பதால் இங்கே நேரம் மிச்சமாகும். 9 முதல் 11 வரை அதிரும் ஒலிகளும் கிரந்தம் வழி வந்தவையும். 12, 13-இல் மூச்சொலி. 14 முதல் 16 வரை கூட்டெழுத்தும், உயிர் சேராமல் நிற்கும் ண், ன், ர், ல், ள் ஐந்துக்கும் உள்ள ‘சில்லு’ என்னும் தனி வடிவ எழுத்தும். கடைசி 4 வாரம் வாசிப்பு மட்டும். ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வு, விடுமுறை, மழை விடுப்பு எல்லாம் போக டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும்.

ஓர் அமர்வின் 40 நிமிடத்தில் முதல் 10 பழையதை மீட்க, 15 புதியதற்கு, 10 எழுத, 5 வாசிக்க. பழையது என்றால் நேற்றையது மட்டும் அல்ல. ஒரு சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று நான்கு முறை கேட்க வேண்டும். இதற்குத் தீப்பெட்டி அட்டையோ பழைய காலண்டர் தாளோ போதும்: ஒரு குழுவுக்கு 51 எழுத்தட்டை, 200 சொல்லட்டை. பிள்ளைக்கு இரண்டு நோட்டு. தமிழ் நோட்டிலேயே மலையாளம் எழுத விடாதீர்கள். குழுவில் 20 முதல் 25 பேர். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் வாயையும் கேட்க நேரம் கிடைக்காது.

சேர்ப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். 3-ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து ஐந்து வரிப் பத்தியை ஒரு நிமிடத்துக்குள் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கட்டும். அதில் திணறும் பிள்ளைக்கு அந்த 40 மணி நேரத்தைத் தமிழ் வாசிப்புக்கே கொடுங்கள். முதல் மொழியின் வாசிப்பு நிலைத்தால்தான் இரண்டாவது அதன் தோளில் ஏறும். முதலாவது தள்ளாடும்போது ஏற்றினால் இரண்டும் விழும். ‘மலையாளம் படிச்சா தமிழ் கெட்டுப்போகும்’ என்ற பேச்சின் மூலம் பெரும்பாலும் இதுதான்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி விட்ட பிறகு நடத்தினால் பத்துகாணி, கோதையாறு பக்கத்துப் பிள்ளைகள் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். கடைசியில் பள்ளிக்கு அருகில் வீடு உள்ளவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். காலை மணி அடிப்பதற்கு முன் வையுங்கள்.

எங்கே கெடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதல் கேடு, நெடுங்கணக்கு வரிசையில் தொடங்குவது. க வரிசையின் இரண்டாம் எழுத்திலேயே மூச்சொலி வந்துவிடும். மூன்று வாரம் அதிலேயே போகும். பிள்ளை வகுப்பை விட்டுப் போகும். மூச்சொலியை நடத்தும்போதும் அளவோடு போதும். இரண்டு விரல் அகலத் தாள் துண்டை வாய்க்கு முன் நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து, பகரத்தையும் அதன் மூச்சொலியையும் சொல்லச் சொல்லுங்கள். தாள் ஆடினால் சரி. அன்றாடப் பேச்சில் மலையாளிகளே பலர் இதை முழுதாக ஒலிப்பதில்லை. கண்ணுக்கு அடையாளம் தெரிந்தால் பாஸ்.

இரண்டாவது, கேட்டபடி எழுதுவது. அதிரும் ககரத்துக்குத் தனி எழுத்து உண்டு என்று கற்ற வாரத்தில் பிள்ளைகள் ‘மகன்’, ‘அகம்’ எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிடுவார்கள். தவறு என்று அடிக்காதீர்கள். அவர்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பழைய திராவிடச் சொற்களில் மலையாளமும் தமிழைப் போலவே ஒரே ககரத்தை எழுதிவிட்டு இடையில் மென்மையாக ஒலிக்கிறது, தனி எழுத்து பெரும்பாலும் வடசொல்லுக்கு என்று விளக்கினால் போதும்.

மூன்றாவது, வடிவ மயக்கம். சொல்லின் கடைசியில் வரும் மகரத்துக்கு ஒரு சிறு வட்டம் போடுவார்கள். டகர மூச்சொலியும் ஒரு வட்டம்தான், சற்றுப் பெரியது. நம் புள்ளி எழுத்தின் தலையில் இருக்கும், அந்த வட்டம் பக்கத்தில் நிற்கும். ‘மரம்’ என்பதைப் பத்து முறை எழுத வைப்பதைவிட, பத்து வெவ்வேறு சொல்லில் அந்த வட்டத்தைத் தேடிச் சுழிக்கச் சொல்வது பலன் தரும்.

நான்காவதுதான் பெரியது: ஒன்றுபோல் தோன்றும் சொற்கள். அவசரம் என்றால் அங்கே வாய்ப்பு. சம்சாரம் என்றால் பேச்சு. உபந்யாசம் கட்டுரை, பட்டி நாய், சிக்ஷ தண்டனை. ஆதாரம் என்பது பத்திரம். ‘வில ஆதாரம்’ கிரயப் பத்திரம். இவற்றுக்குத் தனியாகச் சிவப்பு அட்டை வையுங்கள். வெள்ளத்தை மட்டும் விட்டுவிடலாம். தண்ணீரை வெள்ளம் என்று சொல்ல நம் மேற்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

மாறாத ஒழுங்குகள் சிலவற்றைக் காட்டினால் பிள்ளைகளே சொல் கண்டுபிடிக்கத் தொடங்குவார்கள். தமிழின் கடைசி ஐகாரம் அங்கே அகரமாகும்: தலை தல, மலை மல, இலை இல, விலை வில. ஞ்ச என்பது ஞ்ஞ ஆகும்: மஞ்சள் மஞ்ஞள், கஞ்சி கஞ்ஞி. ங்க என்பது ங்ங ஆகும்: மாங்காய் மாங்ங, தேங்காய் தேங்ங. வினைச்சொல்லில் ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. நான் வந்தேன், அவன் வந்தான், அவள் வந்தாள் மூன்றுக்கும் ‘வந்நு’ ஒன்றே. விகுதி என்ற ஒன்று தமிழில் எவ்வளவு வேலை செய்கிறது என்று இந்த இடத்தில் நிறுத்திக் காட்டுங்கள்.

வாசிக்க என்ன கொடுப்பது? முதலில் பேருந்துப் பலகை. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் வரும் கேரள அரசுப் பேருந்துகளில் நெய்யாற்றின்கர, பாறசால, களியிக்காவிள என்ற பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஐகாரம் அகரமாகும் பாடமும் அதிலேயே இருக்கிறது. பிறகு செய்தித்தாள் தலைப்பு, மருந்து அட்டை, கடைச் சீட்டு. கையில் எளிதாகக் கிடைக்கும் மலையாள அச்சு லாட்டரிச் சீட்டுதான். 2003 முதல் தமிழ்நாட்டில் தடை, அதைப் பள்ளிக்குள் விட வேண்டாம். கடைசி வாரத்தில் ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனை. இடம் நம் மாவட்டம், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. படிக்கப் பலகை உண்டு.

கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் பழைய திருவிதாங்கூர்க் காலத்து நிலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். வீட்டுப் பெட்டியில் இருப்பதை வாசிக்க வெளியாளைத் தேடும் நிலை மாறும் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். இதைவிட வலுவான வாதம் எங்களிடம் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கையோடு சொல்லுங்கள். கேரள அரசு 1971-இல் எழுத்தைச் சீர்திருத்தியது. அதற்கு முந்தைய ஆவணங்களில் உகரக் குறி மெய்யோடு ஒட்டி வளைந்திருக்கும், கூட்டெழுத்துகளும் கூடுதல். 1978-க்கு முந்தைய தமிழ்ப் புத்தகத்தில் லை, னை வேறு வடிவில் இருப்பதைப் போலத்தான். 40 மணி நேரம் படித்த பிள்ளை பழைய பத்திரத்தின் தேதியையும் ஊர்ப் பெயரையும் பிடித்துவிடும். முழுப் பத்திரத்தையும் வாசித்துவிடாது. தேதிக்குக் கணக்கு ஒன்று: பத்திரத்தில் உள்ள மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டோடு, அதன் முதல் மாதமான சிங்ங மாதம் ஒன்றாம் தேதி முதல் டிசம்பர் கடைசி வரை 824, ஜனவரியிலிருந்து கடைசி மாதமான கர்க்கடகம் முடியும் வரை 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1100 என்றால் 1924 ஆகஸ்ட் நடுவில் தொடங்கிய ஆண்டு.

மலையாள வழிப் பள்ளிகளின் குழுக்களுக்கும் இதே ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டுச் செய்யச் சொல்கிறோம். தமிழ் கற்கும் சட்டம் 2006-இல் வந்த பிறகு அங்கும் தமிழ் பாடமாக இருக்கிறது; ஆனால் பாடமாக இருப்பதும் வாசிப்பு வருவதும் ஒன்றல்ல. அந்தப் பிள்ளைகளின் பிழைகள் நம் பிள்ளைகளின் பிழைகளுக்குக் கண்ணாடி: மழை ‘மழ’ ஆகும், வினையில் விகுதி விழும், வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகைப் பள்ளியும் உள்ள ஊர்களில் மூன்று நாளில் ஒரு நாளைச் சேர்ந்து நடத்தினால், ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு மலையாளப் பிள்ளையும் ஒரே அட்டைக்கட்டை வைத்துக்கொண்டு உட்காரலாம். ஆசிரியர் பாதி நேரம் சும்மா இருக்கலாம். அப்படி இருக்கும் ஆசிரியரைச் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம்; பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று பொருள்.

நடத்துவது யார் என்பதுதான் கூட்டத்தில் கடைசியாக வரும் கேள்வி. மலையாள வழிப் பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்றவர், மலையாளத்தில் படித்து வளர்ந்த பெற்றோர் ஆகிய மூவரில் ஒருவர் போதும். ஆனால் இரண்டு பேரைப் பிடித்து வையுங்கள். ஒருவரை மட்டும் நம்பினால், மாறுதலோ உடல்நலக் குறைவோ வந்த வாரத்தில் வகுப்பு நின்றுவிடும். காலாண்டு விடுமுறைக்குப் பிறகும் இப்படித்தான் அறுந்துபோகும். விடுமுறைக்கு முன் ஒவ்வொரு பிள்ளை கையிலும் 15 சொல்லட்டை கொடுத்து அனுப்புங்கள், திரும்பி வந்ததும் முதல் அமர்வை அதிலேயே தொடங்குங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். ஆகவே தீர்மானம் உங்கள் கையில். அடுத்த கூட்டத்துக்கு வாசகம் இவ்வளவு இருந்தால் போதும்: “6 முதல் 8 வரை விரும்பும் மாணவர்களுக்கு வாரம் மூன்று காலை, 40 நிமிடம், 20 வாரம் மலையாள எழுத்து வகுப்பு நடத்தவும், தேர்வோ கட்டணமோ இன்றி நடத்தவும், பொறுப்பாளர் இருவரைக் குறிக்கவும், முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தகவல் அனுப்பவும் முடிவு செய்யப்பட்டது.” கீழே பொறுப்பாளர் இருவரின் பெயரையும் அன்றே எழுதிவிடுங்கள், பெயர் இல்லாத தீர்மானம் பதிவேட்டிலேயே தங்கிவிடும்.

இப்படிக்கு,
கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் தமிழும் மலையாளமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்